உடற்பருமன் அறுவை: எந்த முறை யாருக்கு?

(மகாவீரர் ஜெயந்தி விழா மருத்துவ அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வரங்கில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, சர்க்கரை நோயைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். “அதைப் பலரும் பேசிவிட்டார்கள், நீங்கள் நாள்தோறும் செய்யும் வேலையைப் பற்றியே பேசுங்கள்” என்றார். நான் செய்யும் வேலை, உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவை சிகிச்சை. மேடையில் இதைப் பற்றிப் பேச எவரும் முன்வருவதில்லை. ஆனால் நம் சமூகத் திருமணங்களுக்கு நான் போகும்போதெல்லாம், பந்தி முடிந்த பின்னர் யாரேனும் ஒருவர் என்னைத் தூண் மறைவுக்கு அழைத்துச் சென்று, “ஸ்லீவ் செய்வதா, பைபாஸ் செய்வதா? எது நல்லது?” என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். தூண் மறைவில் சொன்ன விடையைச் சற்று விரிவாக இன்று இங்கே சொல்கிறேன்.

முதலில், இவ்வறுவை யாருக்கு? உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல்நிறைக் குறியீடு. 160 செ.மீ. உயரமும் 96 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணிக்கு அது 37.5. அமெரிக்காவில் 1991-இல் வகுக்கப்பட்ட வரையறை, குறியீடு 40-க்கு மேல் இருப்பவர்களுக்கும், 35-க்கு மேல் இருந்து சர்க்கரை நோய் போன்ற துணை நோய்கள் உடையவர்களுக்கும் அறுவையைப் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2022-இல், இரு பன்னாட்டுச் சங்கங்கள் அதைத் திருத்தின. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதால், நம்மவர்க்கு 27.5 என்ற அளவிலிருந்தே அறுவையை ஒரு வழியாக எடுத்துரைக்கலாம் என்று அவை கூறின. எடுத்துரைக்கலாம் என்பதற்கும் செய்தே தீர வேண்டும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை. 28 குறியீடு உள்ள ஒருவர் என்னிடம் வந்தால், சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தாலன்றி நான் கத்தியை எடுப்பதில்லை.

இனி முறைகளுக்கு வருவோம். இவற்றின் தொடக்கம் ஒரு தற்செயலான கவனிப்பு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கண்டார். அதையே பருமனுக்கு மருந்தாக்கினால் என்ன என்று எண்ணி, 1966-இல் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். அம்முறை பிறகு பல மாற்றங்களுக்கு உள்ளானது. இன்று நாம் செய்யும் பைபாஸில், இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்துக்கொள்கிறோம். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, அதன் கீழ்முனையை மேலே கொண்டுவந்து அப்பையோடு இணைக்கிறோம். பித்தநீரும் கணைய நீரும் வரும் மற்றொரு முனையை, ஒரு மீட்டருக்கும் கீழே, குடலின் பக்கவாட்டில் சேர்த்துவிடுகிறோம். ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற இந்த இணைப்பு, சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ என்ற மருத்துவரின் பெயரால் ‘ரூ-என்-ஒய்’ எனப்படுகிறது. இம்முறையில் பழைய இரைப்பை வெளியே எடுக்கப்படுவதில்லை. உணவு செல்லாத அறையாக உள்ளேயே இருக்கும்.

ஸ்லீவ் முறையின் கதை வேறு. மிக அதிக எடை உடையவர்களுக்கு ஒரே அமர்வில் பெரிய அறுவை செய்வது ஆபத்து என்பதால், 2000-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் மிஷெல் காக்னே என்பவரின் குழு அதை இரு கட்டமாகப் பிரித்தது. முதற்கட்டத்தில் இரைப்பையின் வெளிப்புறத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்து, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டார்கள். எடை குறைந்த பின் குடலில் இரண்டாம் கட்டத்தைச் செய்வதாக ஏற்பாடு. ஆனால் முதற்கட்டத்திலேயே பலருக்கு எடை நன்றாக இறங்கிவிட்டது. இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. அப்படி, முன்னுரையாக எழுதப்பட்டதே நூலாகிவிட்டது. இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ்தான். இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீக்கப்படுகிறது. அதை மீண்டும் பொருத்த முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் நீக்கப்படும் அப்பகுதியிலேயே ஊறுவதால், கொள்ளளவு குறைவதோடு பசியும் தணிகிறது.

மூன்றாவது, ‘மினி பைபாஸ்’ எனப்படும் ஓரிணைப்பு பைபாஸ். 1997-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரட்லெட்ஜ் தொடங்கியது. நீண்ட குறுகிய இரைப்பைக் குழாய் ஒன்றைச் செய்து, சிறுகுடலை வெட்டாமல் வளையமாகவே மேலே கொண்டுவந்து ஒரே இடத்தில் இணைப்பார்கள். நேரம் குறைவு, எடை நன்றாக இறங்கும், நம் நாட்டில் இதற்கு ஆதரவாளர்கள் மிகுதி. இரைப்பைக்குள் பித்தநீர் வந்து சேரக்கூடும் என்பது இதன் மீதுள்ள பழைய ஐயம். பிரான்சில் இதை ரூ-என்-ஒய் பைபாஸோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் எடைக்குறைவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஊட்டச்சத்துக் குறைபாட்டால் நேர்ந்த கடுமையான சிக்கல்கள் ஓரிணைப்பு பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் மட்டுமே காணப்பட்டன. அவ்வாய்வில் 200 செ.மீ. நீளக் குடலை ஒதுக்கினார்கள். அது அதிகம் என்பதே என் கருத்தும். புலால் உண்ணாத நமக்கு இது கவனிக்கத் தக்க செய்தி. ஏன் என்பதைச் சிறிது பின்னர் சொல்கிறேன்.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டும் முறையை இன்று ஏறத்தாழக் கைவிட்டுவிட்டோம். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கும் ‘டியோடினல் ஸ்விட்ச்’ எடையை மிகுதியாகக் குறைக்கும். சத்துக் குறைபாட்டையும் மிகுதியாகத் தரும். நம் குடும்பங்களில் எவருக்கும் நான் அதைச் சொன்னதில்லை.

ஆக, போட்டி பெரும்பாலோர்க்கு ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் இடையேதான். இவ்விரண்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிட்ட இரு நல்ல ஆய்வுகள் உண்டு. ஒன்று பின்லாந்திலும் மற்றொன்று சுவிட்சர்லாந்திலும் நடந்தவை. இரண்டின் ஐந்தாண்டு முடிவுகளும் 2018 சனவரியில் வெளியாயின. பின்லாந்தில் 240 பேர் பங்கேற்றனர். அவர்களிடம் இருந்த ‘மிகை எடையில்’ ஸ்லீவ் 49 விழுக்காட்டையும், பைபாஸ் 57 விழுக்காட்டையும் ஐந்தாம் ஆண்டில் குறைத்திருந்தன. பத்தாண்டு முடிவில் அவை முறையே 43.5, 50.7 ஆயின.

இவ்வெண்களைக் கேட்டவுடன் பைபாஸே சிறந்தது என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் முதலில் சொன்ன 160 செ.மீ. பெண்மணிக்குக் குறியீடு 25 என்றால் எடை 64 கிலோ. மிகை எடை 32 கிலோ. அதில் 49 விழுக்காடு ஏறத்தாழ 15.7 கிலோ, 57 விழுக்காடு 18.2 கிலோ. வேறுபாடு இரண்டரைக் கிலோ. இவை சராசரி எண்களே. ஒருவர் உடலில் எவ்வளவு இறங்கும் என்று எவரும் எழுதித் தர முடியாது. இரண்டரைக் கிலோவுக்காக ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது சரியன்று என்பதைக் காட்டவே இக்கணக்கைச் சொன்னேன். தேர்வு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம், நெஞ்செரிச்சல். சுவிட்சர்லாந்து ஆய்வில், ஸ்லீவ் செய்துகொண்டவர்களுள் 31.8 விழுக்காட்டினர்க்கு உணவு எதுக்களிக்கும் தொல்லை முன்பைவிட மோசமாயிற்று. பைபாஸில் அது 6.3 விழுக்காடே. பின்லாந்தில் பத்தாண்டு கழித்து உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களுள் 31 விழுக்காட்டினர்க்கும் பைபாஸ் செய்தவர்களுள் 7 விழுக்காட்டினர்க்கும் உணவுக்குழாயில் அழற்சி இருந்தது. காரணம் எளிது. ஸ்லீவில் இரைப்பை ஒரு குறுகிய, விரியாத குழாயாகிவிடுகிறது, உள்ளழுத்தம் உயர்கிறது, அமிலம் மேலே ஏறுகிறது. பைபாஸில் மேலே உள்ள சிறு பையில் அமிலம் ஊறுவது மிகக் குறைவு.

இதை நான் ஆய்விதழ்களில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, என் குடும்பத்திலேயே கற்றேன். எனக்கு அத்தை மகன் முறையான ஒருவர், 124 கிலோ எடையோடு என்னிடம் வந்தார். நீண்ட நாளாக நெஞ்செரிச்சல் உண்டு. நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை. உள்நோக்கிப் பார்த்தபோது உதரவிதானத்தில் சிறு இறக்கமும் இருந்தது. முறைப்படி அவர்க்கு பைபாஸ்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் அவர் கிராமத்தில் இருப்பவர். பயிர் வேலையில் மூழ்கியவர். பைபாஸுக்குப் பின் வாழ்நாள் முழுவதும் இரும்பும் கால்சியமும் பி12-உம் தவறாமல் எடுக்க வேண்டும். இவர் எடுக்க மாட்டார் என்று நானே முடிவு கட்டினேன். இறக்கத்தைத் தைத்துச் சரிசெய்துவிட்டு ஸ்லீவ் செய்தால் போதும் என்று எண்ணினேன். எடை 86 கிலோவுக்கு வந்தது. ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் அவரால் படுத்து உறங்க முடியவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார். அதை எனக்குச் சொன்னதும் அவரல்லர், அவர் மனைவி. உணவுக்குழாய் முழுதும் புண். மூன்றாம் ஆண்டில் அதே வயிற்றை மீண்டும் திறந்து ஸ்லீவைப் பைபாஸாக மாற்றினேன்.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இதை முதலிலேயே செய்திருக்கக் கூடாதா, மச்சான்?” என்று மட்டும் கேட்டார். மாத்திரை எடுக்க மாட்டார் என்று நான் எண்ணியவர், இன்றுவரை ஒருநாளும் தவறியதில்லை; சமையலறைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் அவர் மனைவி குறித்து வருகிறார். அவரைக் கேளாமலே அவர் குணத்தைப் பற்றி நான் முடிவெடுத்ததுதான் பிழை. அதன்பின், அறுவைக்கு முன் உள்நோக்கிப் பாராமல் எவர்க்கும் நான் ஸ்லீவ் செய்ததில்லை. நீங்களும், “எண்டோஸ்கோப்பி தேவையில்லை” என்று சொல்லும் இடத்தில் ஸ்லீவ் செய்துகொள்ளாதீர்கள்.

பைபாஸுக்கும் குறைகள் உண்டு. குடலை இடம் மாற்றி இணைக்கும்போது உண்டாகும் இடைவெளிகளில், எடை குறைந்த பின் குடல் நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். பைபாஸ் செய்துகொண்டவர்க்குப் பல ஆண்டுகள் கழித்தும் திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால், வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இனிப்பு உண்டால் வியர்வை, படபடப்பு, மயக்கம் வரும். இணைப்பு இடத்தில் புண் வரக்கூடும். புகைப்பவர்க்கும், மூட்டுவலிக்கு டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை விழுங்குபவர்க்கும் அது மிகுதி. மது விரைவாக இரத்தத்தில் ஏறும். அதை இவ்வரங்கில் விரித்துரைக்கத் தேவையில்லை என்று நம்புகிறேன். ஒதுக்கப்பட்ட பழைய இரைப்பைக்குள் வழக்கமான உள்நோக்கி எட்டாது. ஸ்லீவில் இத்தொல்லைகள் குறைவு. ஆனால் நீண்ட தையல் வரிசையின் மேல்முனையில் கசிவு ஏற்பட்டால் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். உயிரிழப்பைப் பற்றியும் கேட்பீர்கள். தேர்ந்த மையங்களில் முதல் மாதத்தில் அது ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை.

சர்க்கரை நோய்க்கு எது நல்லது? அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 150 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6 அல்லது அதற்குக் கீழ் வந்தவர்கள், மருந்து மட்டும் எடுத்தோரில் 5 விழுக்காடு; ஸ்லீவில் 23; பைபாஸில் 29. இன்சுலின் போட்டுப் பல்லாண்டு ஆனவர்க்கு இரண்டுமே முழு விடுதலை தருவதில்லை. நோய் வந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குள் செய்துகொள்பவர்க்கே பலன் மிகுதி.

இப்போது, நம் வீட்டுச் சமையலறைக்கு வருகிறேன். வேறு அரங்கில் நான் பேசாத பகுதி இது.

எந்த முறையானாலும், அறுவைக்குப் பின் நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். இல்லையெனில் கொழுப்போடு தசையும் கரையும். மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்தாக உதிரும். நம் வழக்கமான இட்லி, பொங்கல், சாம்பார் சாதத்தில் அவ்வளவு புரதம் இல்லை. 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். ஒரு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம். அதற்குமேல் பயறு, சோயா, பாலிலிருந்து எடுத்த புரதப் பொடி. ஒரு வேளைக்கு நான்கைந்து கரண்டிக்கு மேல் கொள்ளாத வயிற்றில் இதைச் சேர்க்க வேண்டும். முதலில் பருப்பு, பிறகு காய், இடமிருந்தால் சோறு என்று உண்ணும் வரிசையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பந்தியில் முதலில் வைக்கும் இனிப்பு கடைசிக்கும் வராது.

பி12 உயிர்ச்சத்து புலால் உண்ணாதவர்க்கு இயல்பாகவே குறைவு. மெட்பார்மின் மாத்திரை அதை மேலும் குறைக்கும். பைபாஸ் அதன்மேல் ஒரு பூட்டைப் போடுகிறது. ஆகவே நம்மவர்க்கு அறுவைக்கு முன்பே பி12, இரும்பு, டி ஆகியவற்றை அளந்து நிரப்பிக்கொண்டு பிறகே மேசைக்கு ஏற வேண்டும். ஓரிணைப்பு பைபாஸில் நீண்ட குடலை ஒதுக்குவதற்கு நான் தயங்குவதும் இதனாலேயே. பின்னர் கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

சூரியன் மறைந்த பின் உண்ணாதவர்கள் நம்மில் பலர். ஆறு சிறு உணவு, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர், உணவுக்குப் பின் அரை மணி நேரம் நீர் கூடாது. இவ்வளவும் சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்கும், செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். காலை ஆறரைக்கே தொடங்கி, கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு, மடக்கு மடக்காகக் குடிக்கிறார்கள். ஆனால் இரவில் நீரும் அருந்தாத நியமம் உடையவர்கள், அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அதைக் கடைப்பிடிப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து. அட்டமி, சதுர்த்தசி, தசலட்சண நாட்களின் உபவாசத்தையும் முதல் ஓராண்டு மேற்கொள்ள வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நீரின்றி நோற்கும் உபவாசத்தை பைபாஸ் செய்தவர்கள் அதன் பின்னரும் மருத்துவரைக் கேளாமல் ஏற்கக் கூடாது. தொடர்ந்து வாந்தியும் சேர்ந்தால் தயமின் என்ற சத்து வற்றி, நடையும் நினைவும் தடுமாறும். பதினாறு பாவனைகளிலும் சக்திக்கேற்ற தவம் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. நியமத்தை மாற்றுவதைப் பற்றிய உறுத்தல் இருப்பின், அறுவைக்கு முன்பே முனிவர்களிடம் கேட்டுத் தெளியுங்கள்.

மற்றொன்றையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குகிறோம். மருந்தில் அவ்வசதியை நம்பியிருக்க முடியாது. காப்ஸ்யூல் உறைகள் பெரும்பாலும் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின். காலில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. பித்தக்கல் வராமல் தடுக்க ஆறு மாதம் தரும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் மாட்டின் பித்தத்திலிருந்து செய்யப்படுகிறது. டி3 பொதுவாக ஆட்டு உரோமத்தின் மெழுகிலிருந்து வருகிறது. இவற்றுட் பலவற்றுக்கு மாற்று உண்டு: மாத்திரை வடிவம், செயற்கையான பாண்டபாரினக்ஸ் ஊசி, பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3. வயிற்றில் போடும் ஸ்டேப்பிள்கள் டைட்டானிய உலோகம். தையல் நூல்களும் இன்று பெரும்பாலும் செயற்கையே. மாற்று இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டும். எனினும் அதை ஒரு வாரம் முன்பே, அமைதியாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அறுவை அரங்கின் வாயிலில் உறவினர்கள் அதை விவாதிக்கும் காட்சியை நான் கண்டிருக்கிறேன்.

வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகளைப் பற்றிக் கேட்பீர்கள். ஆய்வுகளில் செமாகுளுடைடு உடல் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், டிர்செபடைடு உயர்ந்த அளவில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையும் குறைத்தன. நல்ல மருந்துகள். நிறுத்தினால் எடை பெருமளவு திரும்பிவிடுகிறது. குறியீடு 30-ஐ ஒட்டி இருப்பவர்கள் இவற்றை முதலில் முயல்வதில் எனக்கு மறுப்பில்லை; 45-இல் இருப்பவரை இவற்றைக் காட்டிக் காக்க வைப்பதில் மறுப்பு உண்டு.

செலவைப் பற்றி ஒன்று. மருத்துவக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி, குறியீடு 40-க்குக் குறையாதவர்க்கும், 35-க்குக் குறையாமல் கட்டுக்கடங்காச் சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை உடையவர்க்கும், மற்ற வழிகள் பயன் தராதபோது, காப்பீட்டுக்கு இடமுண்டு. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பாருங்கள். திருமணமான இளம்பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். மாமியார்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் சற்று உரக்கவே சொல்கிறேன்.

தூண் மறைவுக் கேள்விக்கு இதோ என் விடை. நெஞ்செரிச்சல் இருப்பவர்க்கும், சர்க்கரையே முதன்மைத் தொல்லையாக இருப்பவர்க்கும் பைபாஸ். நெஞ்செரிச்சல் இல்லாதவர், இரத்தசோகை உள்ளவர், மூட்டுவலி மாத்திரையை விட முடியாதவர், உறுப்பு மாற்று போன்ற காரணங்களால் மருந்துகள் சரியாக உட்கவரப்பட வேண்டியவர் ஆகியோர்க்கு ஸ்லீவ். ஓரிணைப்பு பைபாஸ், குடலின் நீளத்தை அளந்து அளவாக ஒதுக்கும் கைகளில் மட்டும். எதுவானாலும் முதல் ஆண்டில் நான்கு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை.

பகல் உணவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருப்பதாகச் செயலாளர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். அதுவரை கேள்விகளுக்கு விடை சொல்கிறேன். எழுந்து கேட்கத் தயங்குவோர் சீட்டில் எழுதிப் பெயரிடாமல் அனுப்பலாம்.